ஒரு முறை ‘அவன்’ என்றாள்

மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ வேலையில் கவனம் பிசகி, கிரேனிலிருந்து எதையாவது யார் தலையிலாவது போட்டுவிடுவாய். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். கேஸ் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. “அம்மா, கேக்கல, கட்டாகுது” என்கிறாய். காகிதம் கட்டாகாது. நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து ஊர்ந்துதான் வரும். வரி கோணலாகப் போனால் கண்ணாடிதான் காரணம். பழசைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். புதுசு உன் மகள் பாப்பா தான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் எனக்குச் செய்து கொடுத்தது. அதை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

உன் மாமா போன் செய்தார். செய்தார் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. என் கூடப் பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு மரியாதை கொடுத்து வருகிறேன். “எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா” என்று கேட்டேன். சீக்கிரம் வைத்துவிட்டார்.

உன் மனைவி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தக் கண்ணாடிக் கடையை நீ பார்த்ததில்லை. முன்பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடியும் வெளிச்சமும். பின்னால் கண் சோதிக்கிற அறை, நீளமாக, ஜன்னல் இல்லாமல். சுவரில் எழுத்துப் பலகை மட்டும் எரியும், மற்றதெல்லாம் இருட்டு. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்பது பாப்பாவின் வேலை. நாலு வருடம் அந்த இருட்டில் வேலை பார்த்தாள். ஒருநாள் மத்தியானம், கூட வேலை செய்கிற பெண் சாப்பிடப் போயிருந்தபோது கடைக்காரன் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, எழுத்துப் பலகையின் விளக்கையும் அணைத்துவிட்டான். அதற்குமேல் நான் எழுத மாட்டேன். அவள் அதை ஸ்டேஷனில் சொல்லி, ஆஸ்பத்திரியில் சொல்லி, மாஜிஸ்ட்ரேட் முன்னாலும் சொல்லிவிட்டாள். நீ அப்பன்காரன், உன்னைச் சும்மா யோசித்துக்கொண்டே இருக்கவும் விட மாட்டேன். கையைப் பிடித்ததோடு அவன் நிற்கவில்லை. சட்டத்தில் அதற்குப் பல வருட ஜெயில் இருக்கிறது என்றார்கள். உனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று கதவைத் தட்டப் போனேன். யாரையோ ‘அவன்’ என்றது காதில் விழுந்தது. அவள் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. சிநேகிதியோடு ஏதோ சண்டைக் கதை போலிருக்கிறது என்று தட்டாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் மனைவி அவள் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, சீப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வி, “இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” இரண்டாவது, “கடையில சம்பளத் தகராறு ஏதாவது உண்டா?” அப்புறம் எங்கள் எதிரிலேயே போனை எடுத்து, “சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க சார்” என்று அவனைக் கூப்பிட்டார். அவன் வருவதற்கு முன்னால் அவன் சென்ட்டு வந்தது. வந்தவனுக்கு நாற்காலி போட்டார்கள். பாப்பா நின்றுகொண்டிருந்தாள். பேசி முடித்துக்கொள்ளலாமே, பெண்ணின் வாழ்க்கையை யோசிக்க வேண்டாமா என்று இன்ஸ்பெக்டர் எங்களுக்காக ரொம்ப வருத்தப்பட்டார். அப்போது உன் மனைவி வாயைத் திறந்தாள். “எழுதுங்க. நீங்க எழுதாம நாங்க போறதா இல்ல” என்றாள். கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள். எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு வேறு, அதை நான் மறக்கவில்லை. ஆனால் இதையும் மறக்க மாட்டேன்.

ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்து எழுதினாள். பாப்பா சொல்லச் சொல்ல, “சார் வந்தார், கதவைச் சாத்தினார்” என்று போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா சார், வந்தார்? வந்தான்னு எழுது” என்றேன். “பாட்டி, அவங்க வாயில எப்படி வருதோ அப்படித்தான் எழுதணும். மாத்தினா என் வேலை போயிடும்” என்றாள். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

அவனைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். கடை திறந்திருக்கிறது. அந்த இருட்டு அறைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். மாடி வீட்டுக்காரி படியில் நிறுத்தி, “உங்க பேத்தி எல்லார்கிட்டயும் நல்லா சிரிச்சுப் பேசும், பாவம்” என்றாள். அந்தப் ‘பாவம்’ எதற்கு என்று எனக்குத் தெரியும். அவள் என் குடையை வாங்கிப் போய்க் கம்பி உடைத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ போன் செய்தால் பாப்பா அடுக்களைக்குள் போய் நின்றுகொள்கிறாள். நீயும் அவளைக் கூப்பிடு என்று கேட்பதில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். விசாரணை தொடங்கும்போது லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. உயரத்தில் வேலை செய்கிறவன், நிதானமாக இரு. ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியை விடாதே.

உன் அம்மா

*

மகனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. “லெட்டர் வந்துச்சும்மா” என்றாய். வந்துச்சு என்றால் படித்தாய் என்று அர்த்தமில்லை. இதைப் படி.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உன் மனைவி என்னோடு சண்டை போடுவதை விட்டுவிட்டாள். வீடு நன்றாக இல்லை.

பாப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வாய்தா. ஒருதடவை நீதிபதி லீவு. ஒருதடவை கடைக்காரனுக்கு ரத்தக் கொதிப்பு. ஒருதடவை கேஸ் கட்டு வேறு அறைக்குப் போய்விட்டது, எந்த அறை என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பாப்பா அதே உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவாள். அங்கே ஒரே தாழ்வாரம், எதிரெதிரே இரண்டு பெஞ்சு. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் அவனும் அவன் மனைவியும். மனைவி ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள், அவன் கொட்டையை எங்கே துப்புவது என்று பார்ப்பான். குடிக்கிற தண்ணீருக்குக்கூட எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே குழாய். வேறு இடம் கிடையாதா என்று கேட்டேன். கட்டடம் கட்டும்போது யாரும் யோசிக்கவில்லையாம்.

நமக்காக வாதாடுகிறது அரசு வக்கீலம்மா. கெட்டவள் இல்லை. இரண்டு கோர்ட்டுக்கு ஒரே ஆளாக ஓடுகிறாள். தாழ்வாரத்தில் வைத்துத்தான் கட்டையே அவிழ்த்தாள். “நீங்கதானே கண்ணாடிக் கடை?” என்று பாப்பாவைக் கேட்டாள். அங்கே எல்லாருக்கும் அப்படி ஒரு பெயர். எங்களுக்கு முன்னால் போன பெண்ணுக்குப் பெயர் லிப்ட்டு.

இந்த மாதிரி கேஸில் கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரிப்பார்கள். சொந்தக்காரர்களும் வெளியே போக வேண்டும் என்றார் பெஞ்ச் கிளார்க். உன் மனைவி எழுந்து போய்விட்டாள். என்னிடம், “பாட்டி, நீங்களும்தான்” என்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். நான் சிரித்துத் தலையாட்டினேன். “காது சுத்தமா கேக்காது போலம்மா” என்று நீதிபதியிடம் சொன்னார். நீதிபதியும் ஒரு பெண்பிள்ளைதான், தலை பாதி நரைத்தவர். பாப்பாவைப் பார்த்து, “பாட்டி இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்குமா?” என்றார். “இருக்கும்” என்றாள். “சரி, காது கேக்காதவங்கதானே, இருக்கட்டும்” என்று அதையும் எழுதி வைக்கச் சொன்னார். அப்படி எனக்கு இடம் கிடைத்தது. ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அவனுடைய வக்கீலுக்கு நான் வெண்ணெய் என்று பெயர் வைத்திருக்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அம்மா. “நீங்க ஸ்டேஷன்ல சொன்னது இதும்மா. ‘சார் வந்தார், கதவைச் சாத்தினார்.’ இது உங்க வார்த்தைதானேம்மா?” என்றார். ஆமாம் என்றாள். “போலீஸ் சேர்த்தது இல்லையே?” இல்லை என்றாள். “வந்தார், சாத்தினார். ‘ர்’ போட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்குள்ள திருடன் நுழைஞ்சா ‘திருடர் வந்தார்’னு சொல்வீங்களாம்மா?” கிளார்க் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

“நாலு வருஷமா அப்படியே கூப்பிட்டது, வாய் பழகிடுச்சு” என்றாள் பாப்பா. “வாய் பழக்கம் மாறுகிற அளவுக்குக்கூட அந்த மத்தியானம் உங்களுக்கு ஒண்ணும் நடக்கல, அப்படி எடுத்துக்கலாமாம்மா?” என்றார். அந்த இடத்தில் பாப்பாவின் கை கூண்டுக் கம்பியைப் பிடித்தது. “நடந்துச்சு. அவன் கதவைச் சாத்தினான். லைட்டை அணைச்சான்” என்றாள். அழவில்லை. சத்தமாகச் சொன்னாள்.

நீதிபதி தலை நிமிர்ந்தார். “இது கோர்ட்டும்மா. யாரா இருந்தாலும் இங்க மரியாதையா சொல்லணும்” என்றார். திட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் சொல்வது மாதிரி சொன்னார். டைப் அடிக்கிறவர், “அவன்னு அடிக்கவா, அவர்னு அடிக்கவா?” என்று கேட்டார். “அவர்னே அடிங்க” என்றார் நீதிபதி. அவர் அப்படியே அடித்தார். அதற்கப்புறம் பாப்பா எதையும் ‘ன்’ போட்டுச் சொல்லவில்லை. அந்தக் காகிதங்களில் அவனுக்கு என்ன பெயர் தெரியுமா? எதிரி. குற்றம் செய்தவன் என்று பிடிபட்டவனைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்கிறார்கள். எதிரி என்று சொல்லலாம், அவன் என்று சொல்லக் கூடாது. எதிரி அவர்.

பிறகு வெண்ணெய் நாள் கணக்குக்கு வந்தார். “மறுநாள் வேலைக்குப் போனீங்களா?” போனேன் என்றாள். “குட் மார்னிங் சார்னு சொன்னீங்களா?” சொன்னேன் என்றாள். “அம்மாகிட்ட சொன்னது ரொம்ப நாள் கழிச்சு. அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா? யாராவது ஒருத்தர்கிட்ட?” பாப்பா சுவரைப் பார்த்தாள். அரசு வக்கீலம்மாகூடக் கட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “இல்ல” என்றாள் பாப்பா. வெண்ணெய் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு நான் ‘ர்’ போட்டு எழுதுவதைப் பார்த்து நீ தப்பாக நினைக்காதே. மாமா கதைதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன். அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு யாரோடு பேசினாய் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “அப்பாகிட்டதான் பாட்டி” என்றாள்.

நீ மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கதை வேறு எழுதினேன். நீ படித்துக்கொண்டிருந்திருப்பாய்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் நீ திருத்து. “அப்பா, அவன் என்னை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டான்” என்று தொடங்கினாளாம். உனக்கு முதலில் எது கேட்டது? “யாரை அவன்ங்கற? சாரையா? மரியாதையா பேசு” என்றாயாம். முழுசையும் சொன்ன பிறகு, “யார்கிட்டயும் சொல்லாத, அம்மாகிட்டகூட. நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போ, போகலன்னா சந்தேகப்படுவாங்க. நான் லீவு போட்டு வந்து பாத்துக்கறேன்” என்றாயாம். அவள் காத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ வருவாய் என்றுதான் அந்தக் கடைக்குப் போய்க் ‘குட் மார்னிங் சார்’ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அப்பாவையும் அந்தக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேப்பாங்க பாட்டி. அப்பா தாங்க மாட்டாரு” என்றாள். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. அவள் சின்னவளாக இருந்தபோது வாசலிலிருந்து ஓடி வந்து, “தண்ணி லாரிக்காரன் வந்துட்டான்” என்றாள். நீ கன்னத்தில் ஒன்று வைத்தாய். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “வந்துட்டாருன்னு சொல்லு. யாரா இருந்தாலும் மரியாதை” என்றாய். அன்றைக்குப் பூராவும் அவள் எல்லாருக்கும் ‘ர்’ போட்டாள். சாயங்காலம் சுவர்மேல் வந்த பூனையைப் பார்த்து, “பாட்டி, பூனை வந்துட்டாரு” என்றாள். நாம் எல்லாரும் சிரித்தோம். நீதான் ரொம்பச் சிரித்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் எழுது.

உன் அம்மா

*

மகனுக்கு,

பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இது சின்னக் கடிதம்.

அரசு வக்கீலம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். பாப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, பரவாயில்லை. வக்கீலம்மா கேட்டதும் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? நடந்த அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லியிருக்கீங்க, அதுவும் ‘அவன்’னு சொல்லியிருக்கீங்க. அந்த ஆள் கேட்ட ரெண்டு கேள்விக்கும் இதுதானே பதில்?” என்றாள். போன் கம்பெனியில் கேட்டால் நீங்கள் பேசியது தெரியும், என்ன பேசினீர்கள் என்பது தெரியாதாம். அப்புறம் என்னைப் பார்த்து, “பாட்டி, கதவுக்கு வெளிய நின்னு நீங்களும் கேட்டிருக்கீங்களே, நீங்களே வந்து சொல்லுங்க” என்று கட்டைப் புரட்டினாள். புரட்டினவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அதில் எழுதியிருக்கிறது: சாட்சியின் பாட்டி, காது கேளாதவர், விசாரணையின்போது உடன் இருக்க அனுமதிக்கப்பட்டார். காது கேளாதவள் எதைக் கேட்டாள் என்று சொல்வது? கேட்கும் என்று சொன்னாலும், பாப்பா சொன்னதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் வந்து சாட்சி சொல்கிறாள் என்பார்கள். வக்கீலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, வேறு என்ன செய்வது.

ஆகவே உன்னைச் சாட்சியாகக் கூப்பிட மனுப் போட்டாள். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை, நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம். வெண்ணெய் எழுந்து, அப்பா வந்து சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். “சாட்சி ஸ்டேஷன்ல மட்டும் இல்ல, இந்தக் கோர்ட்லயும் எதிரியை ‘அவர்’னேதான் சொல்லியிருக்காங்க. பாருங்க, ஒவ்வொரு வரியிலயும் ‘அவர்’” என்று டைப் அடித்த காகிதத்தை எடுத்து வாசித்தார். நீதிபதி கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். அப்படி அடிக்கச் சொன்னது அவருக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் பார்க்கிறவர், அவரைக் குறை சொல்லி என்ன. டைப் அடிக்கிறவர் மட்டும் ஒருதடவை நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். பிறகு குனிந்து வெண்ணெய் சொன்னதையும் அடித்தார்.

இருந்தாலும் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு தேதி. அன்றைக்கு நீ வராவிட்டால் சாட்சி விசாரணை முடிந்ததாக வைத்துக்கொண்டு தீர்ப்புக்குப் போய்விடுவார்களாம். தீர்ப்பு எப்படி இருக்கும் என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே, “இப்ப இருக்கறதை வெச்சுப் பாத்தா சந்தேகத்தோட பலனை அவருக்குக் கொடுத்து விடுதலை பண்ணிடுவாங்க” என்றாள். பாரேன், அவள் வாயிலும் அவருக்குத்தான்.

சம்மனை இத்துடன் வைத்திருக்கிறேன், தேதி அதில் இருக்கிறது. நேரில் வர முடியாவிட்டால் அங்கிருந்தே வீடியோவில் சொல்லலாம் என்றும் ஒரு வழி இருக்கிறதாம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். சிக்னல் சரியில்லை என்பாய்.

நீ வந்து பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். என் மகள் அன்றைக்கே என்னிடம் சொன்னாள், ‘அவன்’ என்று சொன்னாள், நான்தான் அதட்டினேன், வேலைக்குப் போகச் சொன்னதும் நான்தான். நாலு வரி. வெண்ணெய் உன்னைக் குடைந்து கேட்பார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்பார். நீங்க எல்லாம் ஒரு அப்பாவா என்று நேராகக் கேட்காமல், அம்மா போட்ட வாயால் ஐயா போட்டுக் கேட்பார். பாப்பா அங்கே நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். உனக்கு அவளைவிட வயசு அதிகம், உடம்பும் பெரிசு.

வீட்டுச் சேதி ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா இப்போது யாருக்கும் ‘ர்’ போடுவதில்லை. ‘ன்’னும் போடுவதில்லை. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தபோது, “பாட்டி, யாரோ வந்திருக்கு” என்றாள். “கரண்ட் பில் எடுக்க வந்துச்சு, போயிடுச்சு” என்கிறாள். ஆம்பளைகள் எல்லாரும் அவளுக்கு நாற்காலி, மேஜை மாதிரி ஆகிவிட்டார்கள். உன் மனைவி இதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். சம்மன் வந்த அன்று அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னைக் கேட்டாள்: “அப்பா வருமா பாட்டி?”

‘வருவாரா’ என்று கேட்கவில்லை.

பதில் உன்னிடம் இருக்கிறது.

உன்னைப் பெற்ற நாளிலிருந்து நீ என்றுதான் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் டா போட்டிருக்கிறேன், அதற்கு மேல் போனதில்லை. மரியாதை கொடுக்கத் தெரியாதவள் இல்லை நான். உன் மாமாவுக்குக் கொடுக்கிறேன், அந்த வெண்ணெய்க்குக் கொடுக்கிறேன், மனசை விட்டு இறங்கிப் போனவர்கள் எல்லாருக்கும் ஒரு குறையும் வைக்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நல்லபடியாக வந்து சேர், மகனே. உனக்கும் மரியாதை கொடுக்க என்னை வைத்துவிடாதே.

உன் அம்மா